கோப்பை பார்க்காத கைகளில் அணி: ஆர்சனல் ரசிகர்கள் போட்ட கணக்கு

2019 டிசம்பர் 21 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில் எவர்டனும் லண்டனின் ஆர்சனலும் மோதிய கால்பந்து ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கோல் எதுவும் விழாமல் முடிந்த ஆட்டம் அது. எவர்டனை டங்கன் ஃபெர்குசனும் ஆர்சனலை ஃபிரெடி லூங்பெரியும் இடைக்காலப் பொறுப்பில் நடத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைய செய்தி ஆடுகளத்தில் இல்லை, பார்வையாளர் வரிசையில் இருந்தது. ஒரு பக்கம் எவர்டனின் புதிய மேலாளராக அன்றுதான் அறிவிக்கப்பட்ட கார்லோ அன்செலோட்டி. இன்னொரு பக்கம் ஆர்சனலின் புதிய தலைமைப் பயிற்சியாளராக முந்தைய நாள் அறிவிக்கப்பட்ட மிகேல் ஆர்டெட்டா. அன்செலோட்டி அதற்குள் மூன்று முறை ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும், இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி என நான்கு நாடுகளின் லீக் பட்டங்களையும் வென்றிருந்தார். 37 வயதான ஆர்டெட்டா அதுவரை எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக ஓர் ஆட்டம்கூட இருந்ததில்லை. மான்செஸ்டர் சிட்டியில் பெப் கார்டியோலாவுக்கு மூன்றரை ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்ததுதான் அவர் கையில் இருந்த முழு அனுபவம்.

அன்று இரண்டு அணிகளின் ரசிகர்களையும் கூப்பிட்டு, ஆளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தால், எவர்டன்காரர்கள் சிரித்திருப்பார்கள். ஆர்சனல்காரர்களில் கணிசமானோர் யோசித்திருப்பார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் அவர்கள் எதை எடை போட்டார்கள், எதைத் தராசில் வைக்கவே மறந்தார்கள் என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம். முன் அனுபவமற்ற ஒருவரை நியமிக்கும்போது விவாதம் பெரும்பாலும் அந்த ஆளைச் சுற்றியே நடக்கிறது: என்ன சாதித்தார், யாரிடம் கற்றார், வீரராக எப்படி இருந்தார். அந்த ஆள் கற்றுக்கொள்ளும் காலத்தை, அதில் அவர் செய்யப்போகும் தவறுகளை, கிளப் தாங்குமா என்ற கேள்வி பின்னால் தள்ளப்படுகிறது. என் பார்வையில் ஆபத்தின் பெரும் பங்கு இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

அந்த மாதத்தில் ஆர்சனல் இருந்த நிலையை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 22 ஆண்டுகள் பொறுப்பில் இருந்த ஆர்சென் வெங்கர் 2018 மே மாதம் விலகியபோதே அடுத்தவர் ஆர்டெட்டாதான் என்று பரவலாகப் பேசப்பட்டது. கடைசி நேரத்தில் நிர்வாகம் மனம் மாறி உனாய் எமெரியை அழைத்தது. ஸ்பெயினின் செவிய்யாவுடன், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைத் தொடரான யூரோப்பா லீக்கில் தொடர்ந்து மூன்று கோப்பைகளும் பாரிஸ் செயின்ட் ஜெர்மனுடன் பிரெஞ்சு லீக் பட்டமும் வென்றவர் என்பதால், அது பாதுகாப்பான தேர்வாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு பாக்குவில் நடந்த யூரோப்பா லீக் இறுதிப்போட்டியில் செல்சியிடம் 4-1 என்று தோற்றார்கள். 2019 அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தின்போது அணித்தலைவர் கிரானிட் ஷாக்கா மாற்றப்பட்டு வெளியேறுகையில் சொந்த ரசிகர்களே ஏளனக் குரல் எழுப்பினார்கள். அவர் காதருகே கையை வைத்துப் பதிலுக்குச் சீண்டிவிட்டு, சட்டையைக் கழற்றியபடி நேராக உள்ளே போய்விட்டார். தலைவர் பதவி பறிபோனது. தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் வெற்றியே இல்லாத நிலையில் நவம்பர் 29 அன்று எமெரி நீக்கப்பட்டார். ஆக, ஆர்டெட்டா வந்தபோது ரசிகர்களின் முன்னால் இருந்தது அனுபவமா, அனுபவமின்மையா என்ற சுத்தமான தேர்வு அல்ல. அனுபவம் வாய்ந்த ஒருவரை நம்பி ஏமாந்த சூடு ஆறாத நேரம் அது.

முதலில் "நிரூபிக்காதவர்" என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் ரசிகர்கள் அந்த ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வகை ஆட்களைத் திணித்துவிடுகிறார்கள். 1996இல் ஜப்பானின் நகோயா கிராம்பஸ் எயிட் அணியிலிருந்து வெங்கர் லண்டனுக்கு வந்தபோது, "யார் இந்த ஆர்சென்?" என்று கேட்கும் தொனியில் ஒரு மாலை நாளிதழ் தலைப்பிட்டது இன்றுவரை நினைவுகூரப்படுகிறது. ஆனால் வெங்கர் 1988இலேயே மொனாக்கோவுடன் பிரெஞ்சு லீக்கை வென்றவர். நிரூபித்திருந்தார், நிரூபித்தது இங்கிலாந்தில் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். இன்னொரு வகை, சிறிய இடத்தில் தேறியவர், பெரிய இடத்தில் எப்படி இருப்பார் என்று தெரியாதவர். எவர்டனில் 11 ஆண்டுகள் கோப்பையில்லாமல் உழைத்து மதிப்புப் பெற்ற டேவிட் மொயஸ், 2013இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனது இந்த வகை. மூன்றாவது வகையினர்தான் முடிவெடுக்கும் நாற்காலியில் ஒருபோதும் உட்காராதவர்கள். ஆர்டெட்டா, இத்தாலியின் முன்னாள் நட்சத்திர வீரர் ஆந்திரியா பிர்லோ, இங்கிலாந்தின் முன்னாள் வீரர் கேரி நெவில் மூவரும் இதில் சேர்வார்கள். மூன்று வகைகளுக்கும் ஆபத்து ஒன்றல்ல. முதல் வகையில் தெரியாமை ரசிகருடையது; கொஞ்சம் தேடினால் தீர்ந்துவிடும். மூன்றாவது வகையில் அந்த ஆளுக்கே தன்னைப் பற்றித் தெரியாது.

துணைப் பயிற்சியாளரின் வேலைக்கும் தலைமைப் பயிற்சியாளரின் வேலைக்கும் உள்ள தூரம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறியதாகத் தோன்றலாம். பயிற்சித் திடலில் வீரர்களின் உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று திருத்துவது துணைவரின் வேலை; வீரர்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். வாரக் கடைசியில் யாரை உட்கார வைப்பது என்று முடிவெடுத்து, அதை அந்த வீரரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது மற்றவருடைய வேலை. வாரத்துக்கு மூன்றரை லட்சம் பவுண்ட் சம்பளம் வாங்கும் மெசுட் ஓசிலை அணிப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவது, கோல் அடிக்கும் அணித்தலைவர் பியர் எமரிக் ஓபமெயாங்கின் பதவியை ஒழுக்கக் காரணத்துக்காகப் பறிப்பது ஆகிய இரண்டையும் ஆர்டெட்டா பின்னாளில் செய்தார். அவற்றைச் செய்யும் நெஞ்சு அவருக்கு உண்டா என்பதை, மான்செஸ்டரில் கார்டியோலாவின் பக்கத்தில் நின்றபடி எடுத்த எந்த ஒளிப்படத்திலிருந்தும் 2019இல் யாராலும் கணித்திருக்க முடியாது.

அனுபவத்தை ரசிகர்கள் விரும்புவதற்குக் காரணம் எளிது. கடந்தகாலச் சாதனை கண்ணுக்குத் தெரியும் பொருள். திறமை அப்படித் தெரிவதில்லை. ஆனால் சாதனைப் பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதற்கு அந்தக் குடிசன் பார்க் ஜோடியே சான்று. அன்செலோட்டியின் எவர்டன் முதல் பருவத்தை 12ஆம் இடத்திலும் அடுத்ததை 10ஆம் இடத்திலும் முடித்தது. 2020-21 பருவத்தின் தொடக்கத்தில் ஹாமெஸ் ரோட்ரிகெஸுடன் முதல் நான்கு லீக் ஆட்டங்களையும் வென்ற உற்சாகம் நிலைக்கவில்லை. 2021 ஜூனில் ரியல் மாட்ரிட் அழைத்ததும் அவர் கிளம்பிவிட்டார்; அங்கே 2022இலும் 2024இலும் மேலும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்றார். அவர் திறமையில் குறையில்லை. எவர்டன் ரசிகர்கள் கவனிக்கத் தவறிய ஆபத்து வேறு: இந்தத் தரத்திலுள்ள ஒருவர் நம்மிடம் எத்தனை நாள் இருப்பார், போகும்போது எதை விட்டுச்செல்வார்? பெயர் பெற்றவரை வைத்திருப்பதிலும் ஒரு செலவு உண்டு. ஜோசே மொரீன்யோவையும் அவரது குழுவினரையும் 2018 டிசம்பரில் நீக்கியதற்காக மான்செஸ்டர் யுனைடெட் 1.96 கோடி பவுண்ட் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்காக, புதியவரை நியமிப்பதே புத்திசாலித்தனம் என்று தாவிவிடவும் கூடாது. வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை என்ற கதையாக ரசிகர் மனம் ஊசலாடுவது வழக்கம்தான். ஒரு கார்டியோலா வென்றுவிட்டால் எல்லா முன்னாள் வீரர்களும் கார்டியோலா ஆகிவிடுவார்கள் என்ற நம்பிக்கை பரவுகிறது. 2020 ஜூலை 30 அன்று யுவெண்டஸ் தன் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு பிர்லோவைப் பயிற்சியாளராக அறிவித்தது. அந்த அணியுடன் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஒன்பது நாள் கழித்து, சாம்பியன்ஸ் லீக்கில் லியோன் அணியிடம் வெளியேறிய மறுநாளே மௌரிசியோ சாரியை நீக்கிவிட்டு, பிர்லோவை முதன்மை அணியின் தலையில் உட்கார வைத்தார்கள். உயர்நிலைப் பயிற்சியாளர் உரிமத் தேர்வையே அவர் செப்டம்பரில், லீக் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போதுதான் முடித்தார். தொடர்ந்து ஒன்பது முறை இத்தாலியப் பட்டத்தை வென்ற கிளப்பில் பத்தாவது பட்டம் என்பது நம்பிக்கை அல்ல, கடமை. குருவி தலையில் பனங்காய் என்பது இதுதான். யுவெண்டஸ் நான்காம் இடத்தில் முடிந்தது; பிர்லோ 2021 மேயில் நீக்கப்பட்டார்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்துபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அதே பருவத்தில் அவர் இத்தாலியக் கோப்பையையும் சூப்பர் கோப்பையையும் வென்றார். லீக்கில் 78 புள்ளிகள் சேர்த்தார். அவருக்குப் பிறகு, அந்தக் கிளப்பில் முன்பு ஐந்து லீக் பட்டங்கள் வென்ற மஸ்ஸிமிலியானோ அல்லெக்ரியைத் திரும்ப அழைத்தார்கள். மறு பருவத்தில் 70 புள்ளிகள், அதே நான்காம் இடம், கோப்பை எதுவும் இல்லை. அணி ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது என்பதையும், அந்தத் தேய்மானம் முழுவதும் புதியவரின் கணக்கில் எழுதப்பட்டது என்பதையும் இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

நெவிலின் கதைக்கு இப்படியொரு சமாதானமும் இல்லை. தொலைக்காட்சியில் ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்காட்டிப் புகழ்பெற்றவர், இங்கிலாந்து அணியின் துணைப் பயிற்சியாளர். 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா கிளப்பின் உரிமையாளர் பீட்டர் லிம் அவரை அழைத்தார். இருவரும் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு சிட்டி கிளப்பில் பங்குதாரர்கள். பருவம் பாதியில் இருந்தது. மொழி சரளமாகத் தெரியாது. வீரர்கள் அவர் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். முதல் லீக் வெற்றிக்குப் பிப்ரவரி வரை காத்திருந்தார். அதற்குள் பார்சலோனாவிடம் ஸ்பானியக் கோப்பைத் தொடரின் அரையிறுதியில் 7-0 என்று தோற்றிருந்தார். மார்ச் 30 அன்று நீக்கப்பட்டார். வலென்சியா ரசிகர்கள் கோபப்பட்டது அவருடைய அனுபவமின்மைக்காக மட்டும் அல்ல. அந்த நியமனத்தில் யார் எதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாததுதான் அவர்களை எரிச்சலூட்டியது.

2008இல் பார்சலோனாவின் முதன்மை அணிக்குக் கார்டியோலா நியமிக்கப்பட்டதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 2007இல் அவர் எடுத்துக்கொண்ட பார்சலோனா பி அணி அப்போதுதான் நான்காம் அடுக்குக்குத் தரம் இறங்கியிருந்தது. சிறு ஊர்களின் செயற்கைப் புல் திடல்களில் ஒரு பருவம் முழுக்க ஆடி அதை மேலே கொண்டுவந்தார். செர்ஹியோ புஸ்கெட்ஸும் பெட்ரோவும் அந்த அணியிலிருந்து வந்தவர்கள். கிளப்பின் நிர்வாகிகள் மொரீன்யோவை லிஸ்பனில் நேரில் சந்தித்துப் பேசிய பிறகே கார்டியோலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே இருந்தவர்களுக்கு அது இருட்டில் தாண்டுவதாகத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் ஓராண்டாக அவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் முதல் லீக் ஆட்டத்தில் புதிதாக மேலே வந்த நுமான்சியாவிடம் தோற்று, அடுத்ததில் ராசிங் சான்டான்டரிடம் சமன் செய்தபோது, ரசிகர்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் மூன்று பெரிய கோப்பைகளும் வந்தன. ஸ்பெயினின் முன்னாள் வீரர் ஷாபி அலோன்சோவும் இப்படித்தான் மூன்று ஆண்டுகள் ரியல் சொசியெடாட் பி அணியை நடத்தினார். ஒரு முறை மேலே ஏற்றினார், அடுத்த ஆண்டே கீழே இறங்கினார். 2022 அக்டோபரில் அவர் ஜெர்மனியின் லெவர்குசனுக்கு வந்தபோது அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லாத அந்த நிலையே அவருக்குக் கிடைத்த வசதி என்று சொல்லலாம். 2023-24இல் 34 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் லெவர்குசன் தன் முதல் ஜெர்மானியப் பட்டத்தை வென்றது.

ரசிகர்களின் கணக்கைக் குழப்பும் இன்னொன்று, புதியவர் வந்தவுடன் வரும் வெற்றிகள். மோசமான தொடர் தோல்விக்குப் பிறகுதான் மேலாளர் நீக்கப்படுகிறார். அந்தத் தொடர் யார் வந்தாலும் எங்கோ ஓரிடத்தில் முறியத்தான் போகிறது. நெதர்லாந்து முதல்நிலை லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான தரவை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், மேலாளரை மாற்றிய கிளப்புகள் மீண்டதைப் போலவே, அதே அளவு சரிவைச் சந்தித்தும் மாற்றாமல் இருந்த கிளப்புகளும் மீண்டன என்று காட்டினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒலே குன்னர் சோல்ஷர் மான்செஸ்டர் யுனைடெட்டின் இடைக்காலப் பொறுப்பில் 19 ஆட்டங்களில் 14 வென்றார். அந்த மயக்கத்தில் 2019 மார்ச் 28 அன்று நிரந்தரமாக்கினார்கள். பருவத்தின் மீதி 10 ஆட்டங்களில் வென்றது இரண்டு. அவர் மோசமான மேலாளர் என்று இதற்குப் பொருள் அல்ல. 2020-21இல் அணியை இரண்டாம் இடம் வரை கொண்டுபோனவர். மூன்று மாத வெற்றி எதையும் நிரூபிக்காது என்பதுதான் பொருள். மூன்று மாதத் தோல்வியும் அப்படியே என்பதை ஏற்பது ரசிகருக்கு இன்னும் கடினம்.

இங்கே நிர்வாகத்தின் ஆபத்தும் ரசிகரின் ஆபத்தும் வேறு வேறு என்பதைச் சொல்லியாக வேண்டும். நிர்வாகிக்குத் தவறான நியமனத்தால் போவது பணமும் பதவியும்; அவர் வேறு கிளப்புக்குப் போய்விடலாம். ரசிகருக்கு அந்த வாய்ப்பில்லை, அவருடைய முதலீட்டை விற்க முடியாது. அதனாலேயே அவருக்கு நீண்ட பார்வை இருக்க வேண்டும் என்று தர்க்கம் சொல்கிறது, நடப்பதோ நேர்மாறு. மொயஸை வரவேற்று யுனைடெட்டின் அரங்கான ஓல்டு டிராஃபோர்டில் "தேர்ந்தெடுக்கப்பட்டவர்" என்ற பதாகை தொங்கியது, ஆறாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்து மாதங்களில், 2014 மார்ச் மாதத்தில், "தவறானவர்" என்று எழுதிய பதாகையைச் சிறிய விமானம் ஒன்று அரங்கின் மேலே இழுத்துக்கொண்டு பறந்தது. சாம்பியன் அணியைப் பெற்றுக்கொண்டவருக்குக் கற்றுக்கொள்ள ஒரு மாதமும் கிடையாது. அதுவும் மூப்படைந்த சாம்பியன் அணி. 10ஆம் இடத்தில் கிடந்த அணியைப் பெற்றுக்கொண்ட ஆர்டெட்டாவுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம்.

ஆர்சனலிடம் வேறு சில முட்டுகளும் இருந்தன. எவர்டனிலும் யுனைடெட்டிலும் மொயஸுக்குத் துணையாக இருந்த ஸ்டீவ் ரவுண்டை ஆர்டெட்டா தன் உதவியாளராகக் கொண்டுவந்தார். தன்னிடம் இல்லாத அனுபவத்தைக் கடனாக வாங்கினார் எனலாம். வந்த எட்டாவது மாதத்தில் செல்சியை 2-1 என்று வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை எடுத்தார். லீக்கில் எட்டாம் இடம்தான்; ஆனாலும் அந்தக் கோப்பை அவர் கணக்கில் ஒரு வைப்புநிதி போல இருந்தது. அடுத்த மாதமே "தலைமைப் பயிற்சியாளர்" என்ற பதவி "மேலாளர்" என்று மாற்றப்பட்டு, வீரர்களை வாங்குவதிலும் அவருக்குச் சொல் கிடைத்தது.

அந்த வைப்புநிதி எவ்வளவு வேகமாகக் கரைந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 2020 நவம்பரிலும் டிசம்பரிலும் ஆர்சனல் ஏழு லீக் ஆட்டங்களில் தொடர்ந்து வெல்லவில்லை; கிறிஸ்துமஸ் அன்று 15ஆம் இடம். யூரோப்பா லீக் குழுச்சுற்றில் வென்றுகொண்டிருந்தார்கள் என்றாலும், எமெரியை வெளியே அனுப்பிய அதே எண் மீண்டும் வந்து நின்றதை யாரும் கவனிக்காமல் இல்லை. பெருந்தொற்றின் காரணமாக அரங்குகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. ஷாக்காவை நோக்கி எழும்பிய அந்தக் குரல் 60,000 பேர் தொண்டையிலிருந்து ஆர்டெட்டாவை நோக்கி எழும்பியிருந்தால் நிர்வாகம் தாங்கியிருக்குமா? தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். அன்று நீக்கப்பட்டிருந்தால், "துணைப் பயிற்சியாளர்களை நம்பாதீர்கள்" என்று சொல்பவர்களுக்குப் பிர்லோவோடு சேர்த்து மேற்கோள் காட்ட இன்னொரு பெயர் கிடைத்திருக்கும். 2022-23 முதல் தொடர்ந்து மூன்று பருவங்கள் இரண்டாம் இடத்தில் முடித்த அதே மனிதர்தான். ஒரு முடிவு மாறியிருந்தால் எதிர்த்தரப்பின் சான்றாகியிருப்பார்.

2020 டிசம்பர் 26 அன்று ஆர்சனலின் எமிரேட்ஸ் அரங்குக்குச் செல்சி வந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஃபிராங்க் லாம்பார்ட். அவரும் கிளப்பின் முன்னாள் நட்சத்திரம், இரண்டாம் அடுக்கில் டெர்பி கவுண்டியுடன் ஒரே பருவ அனுபவத்தோடு 2019 ஜூலையில் நியமிக்கப்பட்டவர், முதல் பருவத்தில் நான்காம் இடம் பிடித்தவர். கையில் இருந்த அட்டவணையின்படி அன்று அவர்தான் வெற்றிபெற்ற பரிசோதனை. ஆர்சனலில் டேவிட் லூயிஸ், வில்லியன் இருவருக்கும் உடல்நலமில்லை. தடுப்பாட்டக்காரர் காப்ரியேல் மகல்யாயிஸ் தனிமைப்படுத்தலில் இருந்தார். அதனால் 20 வயது எமில் ஸ்மித் ரோ அணியில் சேர்க்கப்பட்டார். 19 வயது புகாயோ சாகாவும் காப்ரியேல் மார்டினெல்லியும் இரு ஓரங்களில் ஆடினார்கள். ஓராண்டுக்கு முன் குடிசன் பார்க்கில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஆர்டெட்டா பார்த்துக்கொண்டிருந்த அதே மூன்று பையன்கள். ஆர்சனல் 3-1 என்று வென்றது. இரண்டாவது கோலை நேர்த்தியான ஃப்ரீ கிக்கில் அடித்தவர் ஷாக்கா. ஒரு மாதம் கழித்து, ஜனவரி 25 அன்று, செல்சி நீக்கியது லாம்பார்டை.